புரானோ தீவின் லேஸ் பள்ளி: ஒரு சீமாட்டியின் கொடையும் அதன் பாடமும்

மரபுவழிக் கைவினைத் தொழில் எதுவும் ஒரே நாளில் அழிந்துவிடுவதில்லை. முதலில் அதற்கான சந்தை சுருங்குகிறது. பின்னர்க் கூலி குறைகிறது. கூலி குறைந்ததும் இளைய தலைமுறை வேறு பிழைப்பை நாடிச் செல்கிறது. இறுதியில், தொழிலின் நுட்பங்கள் யாவும் முதியவர் சிலரின் விரல்களில் மட்டுமே எஞ்சி நிற்கின்றன. அந்த முதியவர்களும் மறைந்தபின், அருங்காட்சியகத்தில் உள்ள மாதிரிகளைக் கண்டு வியக்கலாமே தவிர, அவற்றை மீண்டும் செய்ய இயலாது.

இத்தாலி நாட்டின் வெனிஸ் நகரை அடுத்த புரானோ என்னும் சிறு தீவு, 1872-ஆம் ஆண்டில் இந்த இறுதிக் கட்டத்தை அடைந்திருந்தது. அங்குப் பல நூற்றாண்டுகளாகப் பெண்கள் செய்துவந்த ஊசி லேஸ் பின்னலின் முழு நுட்பத்தையும் அறிந்தவர் அப்போது எழுபது வயதை எட்டிய மூதாட்டி ஒருவர் மட்டுமே. பத்தே ஆண்டுகளில் அதே தீவில் முந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் அத்தொழிலில் ஈடுபட்டு ஊதியம் பெறலாயினர். இம்மாற்றத்துக்குப் பெரிதும் காரணமாயிருந்தவர் வெனிஸ் நகரச் செல்வக் குடும்பத்தைச் சேர்ந்த ஆண்ட்ரியானா மார்ச்செல்லோ சீமாட்டி. அவர் செய்த கொடை எத்தகையது, அது எதனால் பயனளித்தது, எந்த இடத்தில் குறைபட்டது என்பவற்றை ஆராய்வது, கைவினை வளர்ச்சியில் அக்கறை கொண்டோருக்குப் பயனுள்ளதாகும்.

தீவும் அதன் தொழிலும்

வெனிஸ் நகருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவில், கடற்கழியின் நடுவே அமைந்துள்ளது புரானோ. அந்நாளில் ஆண்கள் மீன் பிடித்தனர். பெண்கள் வீட்டு வாயிலில் அமர்ந்து லேஸ் பின்னினர். இவ்விரண்டையும் தவிர வேறு வருவாய்க்கு வழி குறைவு.

புரானோ லேஸ் ஊசியாலும் நூலாலும் மட்டுமே ஆக்கப்படுவது. நெய்த துணியின்மீது செய்யப்படும் பூவேலை அன்று அது. துணியே இல்லாத வெளியில் நூலைக் கொண்டு உருவாக்கப்படும் பின்னலாகும். இதன் மூல வடிவத்துக்கு இத்தாலிய மொழியில் ‘காற்றில் இடும் தையல்’ என்னும் பொருள்படும் பெயர் வழங்குவது இக்காரணம் பற்றியே.

செய்முறை பின்வருமாறு: முதலில் கோலம் ஒரு தாளில் வரையப்படுகிறது. அத்தாள் இரண்டு மடிப்புத் துணியின்மீது வைத்துத் தைக்கப்படுகிறது. கோலத்தின் கோடுகள் நெடுகிலும் நூல் படிய வைக்கப்பட்டு, நுண்ணிய தையல்களால் பொருத்தப்படுகிறது. இது கட்டடத்துக்குச் சாரம் எழுப்புவது போன்றது. பின்னர், இச்சார நூலைப் பற்றுக்கோடாகக் கொண்டு, பூக்களும் இலைகளும் வரும் இடங்கள் நெருக்கமான தையல்களால் நிரப்பப்படுகின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட வெளி வலைபோன்ற மெல்லிய பின்னலால் இணைக்கப்படுகிறது. விளிம்புகளுக்குப் புடைப்பு ஏற்றப்படுகிறது. யாவும் முடிந்தபின், இரண்டு மடிப்புத் துணிகளுக்கு இடையே கத்தரியைச் செலுத்திச் சார நூலைத் தாங்கிய தையல்களை அறுத்தால், லேஸ் தாளினின்று தனியே பிரிந்து வருகிறது. தனித்தனியே செய்த துண்டுகள் இறுதியில் இணைப்பு தெரியாதவாறு ஒன்று சேர்க்கப்படுகின்றன.

ஒரு சாண் அகலமுள்ள பட்டையைச் செய்து முடிக்கவும் மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். பொருளின் மதிப்பில் நூலின் விலை மிகச் சிறு பகுதியே. எஞ்சியது முழுவதும் உழைப்பும் திறனுமாகும். எனவே, இத்தொழிலைக் காப்பாற்றுவது என்றால் அந்த உழைப்புக்கு விலை கொடுப்பவர்களைக் கண்டறிவது என்றே பொருள்படும்.

வீழ்ச்சியின் காரணங்கள்

பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பிய அரசவைகள் அனைத்தும் வெனிஸ் லேசை நாடின. ஆடவரும் மகளிரும் கழுத்துப் பட்டையிலும் கைமுனைகளிலும் அதை அணிந்தனர். திருச்சபைக் குருமார் தம் வழிபாட்டு உடைகளில் அணிந்தனர். பிரெஞ்சு நாட்டுச் செல்வம் இவ்வகையில் வெளியேறுவதைத் தடுக்க எண்ணிய அந்நாட்டு நிதியமைச்சர் கோல்பேர், 1665-ஆம் ஆண்டில் அரசாதரவு பெற்ற லேஸ் பணிமனைகளை நிறுவி, வெனிஸிலிருந்து தொழிலறிந்த பெண்களை வரவழைத்தார். நாளடைவில் அலான்சோன் போன்ற பிரெஞ்சு நகரங்களின் லேஸ் வெனிஸ் லேசுக்குப் போட்டியாக வளர்ந்தது. இறக்குமதியைக் குறைக்க உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பது என்ற பொருளாதாரக் கொள்கை, மற்றொரு நாட்டின் கைவினையைத் தாக்கியதற்கு இது பழைய எடுத்துக்காட்டாகும்.

அடுத்த அடி அரசியல் மாற்றத்தால் விழுந்தது. 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி தோன்றியபின் ஆடம்பர உடைகள் வழக்கொழிந்தன. 1797-இல் நெப்போலியனின் படையெடுப்பால் வெனிஸ் குடியரசே மறைந்தது. லேஸ் வாங்கிய பிரபுக்கள் வறுமையுற்றனர்.

மூன்றாவது அடி இயந்திரத்தினுடையது. 1809-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் ஹீத்கோட் என்பவர் வலைப்பின்னல் துணியை இயந்திரத்தால் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதைத் தொடர்ந்து வந்த இயந்திரங்கள் பூவேலையுடன் கூடிய லேசையும் உற்பத்தி செய்தன. கையால் மாதக்கணக்கில் செய்ததன் தோற்றத்தை இயந்திரம் சில மணி நேரத்தில் அளித்தபோது, நுகர்வோர் மலிவானதையே விரும்பினர். 1866-இல் வெனிஸ் பகுதி இத்தாலிய அரசுடன் இணைந்தபோது, புரானோவின் லேஸ் தொழில் பெயரளவில்தான் இருந்தது.

1872-ஆம் ஆண்டுக் குளிர்காலம்

1872-இல் கடுங்குளிரால் கடற்கழி உறைந்தது. படகுகள் செல்ல இயலவில்லை, மீன்பிடித்தல் நின்றது. அன்றாடம் பிடித்து அன்றாடம் உண்ட புரானோ மக்கள் பட்டினியில் வீழ்ந்தனர். இத்தாலி எங்குமிருந்து நிவாரண நிதி திரட்டப்பட்டது.

நிவாரணம் பசியை அன்றைக்குத் தீர்க்கும். அடுத்த குளிர்காலத்துக்கு என் செய்வது என்ற வினா அப்போதே எழுந்தது. நிதியின் ஒரு பகுதியை நிலையான வருவாய்க்கு வழிவகுக்கப் பயன்படுத்தலாம் என்று பாவுலோ ஃபாம்ப்ரி என்னும் நாடாளுமன்ற உறுப்பினர் கருதினார். மீன்பிடி வலை செய்யும் தொழில் முதலில் முயன்று பார்க்கப்பட்டது, அது நிலைக்கவில்லை. அதன்பின்னரே, தீவின் பழந்தொழிலான லேசை மீட்கும் எண்ணம் பிறந்தது. இம்முயற்சிக்கு ஃபாம்ப்ரி துணை நாடியவர்களுள் முதன்மையானவர் மார்ச்செல்லோ சீமாட்டி ஆவார்.

ஆனால் கற்பிப்பவர் யார்? தேடியதில் கிடைத்தவர் வின்சென்சா மேமோ என்னும் மூதாட்டி. ஊரார் அவரைச் ‘செஞ்சா ஸ்கார்பரியோலா’ என்று அழைத்தனர். தொழிலின் நுட்பங்கள் யாவும் அவர் கைக்குத் தெரியும். ஆயினும், முதுமையாலும் கற்பிக்கும் முறை அறியாமையாலும், தம் திறனைப் பிறருக்கு எடுத்துச் சொல்ல அவரால் இயலவில்லை. கைவினைத் துறையில் அடிக்கடி எழும் இடர்ப்பாடு இது. வல்லவர் எல்லாரும் நல்லாசிரியர் ஆவதில்லை.

இந்த இடரைத் தீர்த்தவர் தீவின் பெண்கள் பள்ளியில் பல்லாண்டுகள் ஆசிரியையாக இருந்த அன்னா பெல்லோரியோ தெஸ்தே. அவர் மூதாட்டியின் அருகில் அமர்ந்து, அவரது விரல்களின் அசைவைக் கூர்ந்து நோக்கிக் கற்றார். கற்றதைப் படிப்படியாக வகுத்துக்கொண்டு, எட்டுச் சிறுமியருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். ஒரு தனி மனிதரின் விரலறிவு இவ்வாறு ஒரு பாடத்திட்டமாக மாற்றப்பட்டது. புரானோ லேஸ் மீட்சியின் உண்மையான திருப்புமுனை இதுவே எனலாம். செல்வம் அதற்குக் கூரை அமைத்துக் கொடுத்தது. ஆனால், அடித்தளம் ஒரு மூதாட்டியின் நினைவும் ஓர் ஆசிரியையின் பொறுமையுமே.

சீமாட்டியின் பங்கு

தீவின் பழைய ஆட்சியாளர் மாளிகையில் பள்ளி அமைந்தது. மார்ச்செல்லோ சீமாட்டி பணம் கொடுத்துவிட்டு ஒதுங்கியிருக்கவில்லை. அவர் ஆற்றிய பணிகளை நான்காக வகுத்துக் காணலாம்.

முதலாவது, சந்தை. அவர் இளவரசி மார்கெரிட்டாவின் அரசவை மகளிருள் ஒருவர். 1878-இல் இத்தாலியின் அரசியாகிய மார்கெரிட்டா, லேஸ் அணிவதில் பெருவிருப்பம் உடையவர். அவரது ஆதரவு பள்ளிக்குக் கிட்டியது. அரசி அணிவதைப் பிரபு குலத்து மகளிர் விரும்புவதும், அவர்கள் விரும்புவதைச் செல்வர் வீட்டுப் பெண்கள் வாங்குவதும் இயல்பு. இவ்வாறு, விளம்பரச் செலவு ஏதுமின்றிப் பள்ளிக்கு வாடிக்கையாளர் வட்டம் ஒன்று உருவாயிற்று.

இரண்டாவது, கோலங்கள். மூதாட்டி அறிந்தவை அவர் காலத்துக் கோலங்களே. அதற்கு முந்திய நூற்றாண்டுகளின் சிறந்த வடிவங்கள் பிரபு குடும்பங்களின் பெட்டகங்களிலும் திருச்சபைக் கருவூலங்களிலும் கிடந்தன. சீமாட்டி தம் தொடர்புகளால் அவற்றை இரவல் பெற்றுப் படியெடுக்கச் செய்தார். அரசியே தம்மிடமிருந்த பழம்பெரும் லேஸ்களைப் பள்ளிக்கு அளித்து உதவினார். நகலெடுப்பதிலிருந்து தொடங்கிய மாணவியர், பழைய தையல்களின் இலக்கணத்தைக் கற்றனர்.

மூன்றாவது, பணிப் பகுப்பு. ஒரு பெண் தொடக்கம் முதல் முடிவு வரை தனியே செய்யும் முறைக்கு மாறாக, கோடிடுதல், நிரப்புதல், வலைப்பின்னல் இடுதல், புடைப்பேற்றுதல், பிரித்தெடுத்தல், இணைத்தல் எனக் கட்டங்கள் வகுக்கப்பட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் தேர்ச்சி பெற்றோர் அதையே செய்தனர். இதனால் தரம் ஒரே சீராக அமைந்தது. பெரிய ஆணைகளைக் குறித்த காலத்தில் முடிக்கவும் இயன்றது.

நான்காவது, தர உறுதி. பள்ளியின் பெயரில் வெளிவரும் லேஸ் அனைத்தும் பள்ளியின் கண்காணிப்பில் செய்யப்பட்டதே என்ற நம்பிக்கை வாங்குவோரிடம் வளர்ந்தது. இயந்திர லேசுடன் விலையில் போட்டியிட இயலாத பொருளுக்கு, தரத்தின்மீதுள்ள நம்பிக்கையே முதலீடாகும்.

கூலியும் வாழ்வும்

பள்ளி தொடங்கிப் பத்தாண்டுகளுக்குள் அதன் பணியாளர் எண்ணிக்கை முந்நூறைத் தாண்டிற்று. நாட்கூலி இல்லை, அவரவர் செய்த வேலையின் அளவுக்கும் தரத்துக்கும் ஏற்பக் கூலி அளிக்கப்பட்டது. பள்ளி என்று பெயர் இருந்தபோதிலும், அது பயிற்சிக் கூடமும் உற்பத்திக் கூடமும் விற்பனை நிலையமும் ஒன்றாய் இணைந்த அமைப்பாகவே விளங்கிற்று.

இக்கூலியின் பயனை உணர்த்தும் செய்தி ஒன்று அக்காலக் குறிப்புகளில் காணப்படுகிறது. புரானோவில் ஒரு சிறு குடும்பம் வாழத்தக்க வீட்டை 600 முதல் 1,000 லிரா வரை கொடுத்து வாங்க முடிந்தது. லேஸ் பின்னும் இளம்பெண்கள் தம் வருவாயைச் சேமித்து, அத்தகைய வீட்டை வாங்கி, அதையே சீதனமாகக் கொண்டு மணம் புரிவது அரிதன்று என அக்குறிப்பு கூறுகிறது. மீனவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி தன் உழைப்பால் தனக்கென ஒரு கூரையைத் தேடிக்கொண்டாள் என்பது, அக்காலச் சூழலில் சிறிய செய்தி அன்று.

எனினும், இதன் மறுபக்கத்தையும் காண வேண்டும். நுண்ணிய தையலில் நெடுநேரம் ஆழ்ந்திருப்பது கண்களுக்கு ஊறு விளைவித்தது. சிறுமியர் இளவயதிலேயே தொழிலில் சேர்ந்தனர். பணிப் பகுப்பினால் வேகமும் சீர்மையும் கூடின. ஆனால், முழு லேசையும் தனியே செய்யத் தெரிந்தவர் தொகை அதே விகிதத்தில் கூடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, எதைச் செய்வது, எவருக்கு விற்பது, எவ்விலை வைப்பது என்ற முடிவுகள் யாவும் புரவலர் கையிலேயே இருந்தன. பின்னிய பெண்களுக்கு அவற்றில் இடமில்லை. அவர்கள் நன்கு பேணப்பட்டனர். ஆயினும் உரிமையாளர் ஆகவில்லை. பின்னர் நேர்ந்த வீழ்ச்சியின் வித்து இங்கேயே கிடந்தது.

பரவிய முன்மாதிரி

மார்ச்செல்லோ சீமாட்டி 1893-ஆம் ஆண்டில் காலமானார். அவர் மகன் பணியைத் தொடர்ந்தார். அதற்குள்ளாகவே புரானோவின் முன்மாதிரி இத்தாலியின் பிற பகுதிகளிலும் பரவலாயிற்று. வடகிழக்கிலுள்ள ஃபிரியூலி பகுதியில், அமெரிக்காவில் பிறந்து இத்தாலியப் பிரபுவை மணந்த கோரா தி பிராசா சீமாட்டி 1891-இல் உழவர் குடும்பப் பெண்களுக்கு லேஸ் பள்ளி தொடங்கினார். 1893-இல் சிகாகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் இத்தாலிய லேசைக் காட்சிக்கு வைத்தவரும் அவரே. 1903-ஆம் ஆண்டில் இத்தகைய முயற்சிகளை ஒருங்கிணைக்க ‘இத்தாலியப் பெண்கள் தொழில்கள்’ என்ற கூட்டுறவுச் சங்கம் ரோம் நகரில் அமைந்தது. சிற்றூர்களில் செய்த லேஸ், பூவேலை, கைத்தறித் துணி ஆகியவற்றை நகரங்களிலும் வெளிநாடுகளிலும் இடைத்தரகரின்றி விற்பது அதன் நோக்கமாகும்.

இம்முயற்சிகளுள், புரானோவில் விடுபட்டுப்போன ஒரு தேவையை நிறைவேற்றிய வகையில் சிறப்பிடம் பெறுவது, மத்திய இத்தாலியின் உம்பிரியா பகுதியில் தோன்றிய கைத்தறிக் கூடமாகும்.

தறியும் தொட்டிலும்

அதை நிறுவிய ஆலிஸ் ஹால்கார்ட்டன், நியூயார்க்கில் 1874-ஆம் ஆண்டில் செல்வம் மிக்க வங்கியாளர் குடும்பத்தில் பிறந்தவர். ரோம் நகரின் ஏழை மக்கள் பகுதிகளில் தொண்டாற்றிய அவர், 1900-ஆம் ஆண்டில் லியோபோல்டோ ஃபிராங்கெட்டி பிரபுவை மணந்து இத்தாலியக் குடிமகளானார். தென் இத்தாலியின் வறுமையை, குறிப்பாகச் சிசிலித் தீவின் நிலைமையை, 1876-இலேயே நேரில் ஆராய்ந்து புகழ்பெற்றவர் ஃபிராங்கெட்டி. சிட்டா டி காஸ்டெல்லோ என்னும் ஊரை அடுத்து அவருக்குப் பண்ணை நிலங்கள் இருந்தன. அங்கு வாரத்துக்குப் பயிரிட்ட உழவர்களின் குழந்தைகளுக்காக, மோன்டெஸ்காவிலும் ரோவிலியானோவிலும் ஆலிஸ் அம்மையார் பள்ளிகளைத் தொடங்கினார். பயிர்களையும் பருவங்களையும் நேரில் கண்டு குறிப்பெடுத்துக் கற்பது அப்பள்ளிகளின் தனிச்சிறப்பாகும்.

உம்பிரியா நெசவுக்குப் பழம்புகழ் உண்டு. வெண்ணிறத் துணியில் நீலக் கரையிட்டு, அதில் பறவைகளும் விலங்குகளும் கோட்டைகளும் அமைய நெய்யும் மேசை விரிப்புகள் இடைக்காலத்திலேயே பெயர் பெற்றவை. பழைய சமய ஓவியங்களில் விருந்து மேசைகளின்மீது அவற்றைக் காணலாம். ஆலைத் துணியின் வரவால் நசிந்த இக்கைத்தறியை மீட்கும் பொருட்டு, 1908-ஆம் ஆண்டில் ‘தேலா உம்ப்ரா’, அதாவது உம்பிரியத் துணி, என்ற பெயரில் ஒரு கூடத்தை ஆலிஸ் அம்மையார் நிறுவினார். ஆளிச்செடி நாரிலிருந்து நூற்ற நூல் அங்குப் பழைய தறிகளில் நெய்யப்பட்டது.

நெய்ய வந்தவர்களுள் கைக்குழந்தையும் சிறு பிள்ளையும் உடைய தாய்மார் பலர். தாய் தறியில் அமர்ந்தால் குழந்தையைப் பார்ப்பவர் யார்? இக்கேள்விக்கு விடை காணாமல் பெண்களுக்கு வேலை அளிக்கும் திட்டம் எதுவும் முழுமை பெறாது. அவர் தறிக்கூடத்தோடு இணைத்தே குழந்தைகள் பள்ளி ஒன்றையும் அமைத்தார். அப்பள்ளியில் பின்பற்றப்பட்டது மரியா மான்டிசோரி அம்மையாரின் முறை ஆகும். 1909-இல் மான்டிசோரி அம்மையார் மோன்டெஸ்கா மாளிகையில் தங்கித் தம் கல்வி முறையை நூலாக எழுதினார். ஃபிராங்கெட்டி தம்பதியர் அளித்த ஊக்கமே அதற்குக் காரணம். நூல் சிட்டா டி காஸ்டெல்லோவிலேயே அச்சாகி, அத்தம்பதியருக்கே உரிமையாக்கப்பட்டது. ஆசிரியைகளுக்கான முதல் பயிற்சி வகுப்பும் அதே ஆண்டில் அங்கே நடைபெற்றது. முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர், 1939-இல், மான்டிசோரி அம்மையார் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபையின் வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். தமிழ்நாட்டில் அம்முறைப் பள்ளிகள் வேரூன்ற அது வழிகோலியது. நெசவாளத் தாய்மாரின் பொருட்டு உம்பிரியாவில் போற்றப்பட்ட ஒரு கல்வி முறைக்கும் நம் ஊர்க் குழந்தைகளுக்கும் இவ்வாறு ஒரு தொடர்பு ஏற்பட்டது.

காசநோயுற்ற ஆலிஸ் அம்மையார் 1911-ஆம் ஆண்டில், தம் 37-ஆம் வயதில், சுவிட்சர்லாந்தில் காலமானார். 1917-இல் மறைந்த ஃபிராங்கெட்டி, தம் நிலங்களை அவற்றில் பாடுபட்ட உழவர்களுக்கே உரிமையாக்கி உயில் எழுதியிருந்தார்.

எஞ்சி நிற்பவை

இவ்விரு நிறுவனங்களின் பிற்கால வரலாறு ஒப்பிட்டு நோக்கத்தக்கது.

புரானோ பள்ளி ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நடைபெற்று 1970-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. முன்போல் லேஸ் வாங்கும் அரசவையும் பிரபு குலமும் இல்லை. இத்தாலியில் முடியாட்சியே 1946-இல் முடிவுற்றிருந்தது. மறுபுறம், கட்டாயக் கல்வி விரிவடைந்து, இளம்பெண்களுக்குக் கடைகளிலும் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை கிட்டிற்று. ஆண்டுக்கணக்கில் பயின்று, கண் நோகப் பின்னி, குறைந்த ஊதியம் பெறும் தொழிலுக்கு அவர்கள் வர விரும்பாததில் வியப்பில்லை. அதே மாளிகையில் 1981-ஆம் ஆண்டு லேஸ் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. இன்று அங்குச் செல்வோர் பழைய லேஸ்களையும், முதிய பெண்கள் சிலர் அமர்ந்து பின்னிக் காட்டுவதையும் காணலாம். தீவின் கடைகளில் இயந்திர லேசும் பிற நாடுகளிலிருந்து இறக்குமதியான லேசும் மலிவாய்க் கிடைக்கின்றன. 1872-இல் இருந்த இடர் வேறு வடிவில் திரும்பி வந்துள்ளது.

தேலா உம்ப்ரா கூடமோ இன்றும் கைத்தறிகளில் ஆளிநார்த் துணி நெய்து வருகிறது. அதன் அளவு சிறிது, வருவாயும் பெரிதன்று. ஆயினும், தறி ஓசை நிற்கவில்லை. விரிப்பு, துவாலை, திரை என அன்றாட வாழ்வில் பயன்படும் பொருள்களை அது செய்வது ஒரு காரணமாகும். அரசவை மறைந்தபின்னும் வீட்டு மேசை மறையவில்லை அன்றோ!

நமக்குரிய பாடம்

இந்தியாவில் கைவினை வளர்ச்சிக்கென 1952-ஆம் ஆண்டில் அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியம் அமைக்கப்பட்டது. கமலாதேவி சட்டோபாத்யாயா அம்மையார் அதன் தலைமைப் பொறுப்பேற்று வழிகாட்டினார். 2020-ஆம் ஆண்டு வரை அவ்வாரியம் இருந்துவந்தது. தலைசிறந்த கைவினைஞர்களைப் பாராட்டுதல், அவர்களிடம் மாணவர்களைப் பயிலச் செய்தல், பொருட்காட்சிகளும் விற்பனை நிலையங்களும் நடத்துதல், 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி புவிசார் குறியீடு வழங்குதல் முதலியன நம் நாட்டில் மேற்கொள்ளப்பட்டுவரும் வழிமுறைகள். புரானோவில் ஒரு சீமாட்டி தம் செல்வாக்கால் செய்தவற்றை இங்கு அரசு நிறுவன வடிவில் செய்ய முற்பட்டது என்று கூறலாம்.

லேஸ் பின்னலே தமிழ் மண்ணுக்குப் புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில், கிறித்தவச் சமயப் பணியாளர் ஒருவரின் துணைவியாரான மார்த்தா மால்ட் அம்மையார் தம் பெண்கள் பள்ளியில் லேஸ் பின்னக் கற்பித்தார். அடிமை நிலையிலிருந்த சில பெண்கள் அதன் வருவாயைக் கொண்டே விடுதலை பெற்றனர். புரானோவில் பெண் ஒருத்தி வீடு வாங்கியதும், நாகர்கோவிலில் பெண் ஒருத்தி விடுதலை பெற்றதும் ஒரே உண்மையை உணர்த்துகின்றன. கைவினை மதிப்புப் பெறுவது அதன் அழகால். அது நிலைபெறுவது, அதைச் செய்பவரின் வாழ்வை உயர்த்தும்போதுதான்.

எனவே, கைவினை ஒன்றை மீட்கும் திட்டத்தை வகுப்போர் சில கேள்விகளைத் தம்முள் எழுப்பிக்கொள்ளுதல் நலம். தொழிலின் முழு நுட்பமும் அறிந்தவர் எத்தனை பேர் உள்ளனர்? அவர்களது விரலறிவைப் பாடமாக வகுக்கும் ஆசிரியர் உளரா? பொருளை வாங்குவோர் ஒரே வட்டத்தினரா, அன்றிப் பல திறத்தினரா? வேலைக்கு வரும் தாயின் குழந்தைக்கு ஏற்பாடு என்ன? கோலம், விலை, விற்பனை ஆகியவற்றை முடிவு செய்யும் மன்றத்தில் கைவினைஞருக்கு இடம் உண்டா? முதல் இரண்டு கேள்விகளுக்குப் புரானோ நல்ல விடை கண்டது. நான்காவது கேள்விக்கு உம்பிரியா விடை கண்டது. இறுதிக் கேள்விக்குப் புரானோவில் விடை காணப்படவில்லை; அதன் விளைவை மூடப்பட்ட பள்ளியின் கதவுகள் எடுத்துரைத்தன.

மார்ச்செல்லோ சீமாட்டியின் தொண்டு இதனால் சிறுமையுறுவதில்லை. அவர் முன்வந்திராவிடில், செஞ்சா மூதாட்டியோடு ஒரு கலையும் மண்ணில் மறைந்திருக்கும். நூறாண்டுக் காலம் பல்லாயிரம் கைகள் அக்கலையைப் பயின்றதற்கும், சில கைகள் இன்றும் அறிந்திருப்பதற்கும் அவர் காரணமானார். ஆயினும், புரவலரின் காலம் முடிந்தபின் கைவினைஞர் தம் சொந்தக் காலில் நிற்க வழி செய்வதே கொடையின் நிறைவான வடிவமாகும். கூட்டுறவுச் சங்கங்களும் மகளிர் குழுக்களும் அரசுத் துறைகளும் இதனை நினைவிற்கொண்டு செயற்படுமாயின், நம் கைவினைகளின் எதிர்காலம் ஒரு சிலரின் கருணையை நம்பி நிற்க வேண்டியதில்லை.